தானமாக வந்த கம்ப்யூட்டரின் பல்லைப் பிடித்துப் பாருங்கள்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது. ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். அங்குள்ள கம்பெனிகள் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லேப்டாப்புகளை மாற்றுகின்றன. பழையதில் ஒரு பங்கு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ள அரூர், பென்னாகரம், அஞ்செட்டி, தளி பக்கத்துச் சிறிய டிரஸ்ட்டுகளுக்கு வந்து சேர்கிறது. மாலை நேரப் படிப்பு மையம், மாற்றுத்திறனாளிகள் இல்லம், மகளிர் குழுக் கூட்டமைப்பு என்று வாங்கிக்கொள்கிறவர்கள் பலவகை. புகைப்படம் எடுத்து, சால்வை போட்டு, மெஷினை மேஜையில் வைக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் பாதி மெஷின்கள் பீரோவுக்கு மேல் துணி மூடிக் கிடக்கின்றன.

கொடுத்தவர் மனதிலும் குறையில்லை, வாங்கியவர் உழைப்பிலும் குறையில்லை. மெஷின் வந்தது, அதைக் காப்பாற்றும் பணமும் ஆளும் கூட வரவில்லை, அவ்வளவுதான். ஒரு தொண்டு நிறுவனம் எத்தனை கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளலாம் என்பதை, எத்தனை கிடைக்கிறது என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. எத்தனையைப் பராமரிக்க முடியும் என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பத்து வாங்கி நான்கு ஓடுவதைவிட ஐந்து வாங்கி ஐந்தும் ஓடுவது மேல்.

வாங்கும் முன் எதைப் பார்ப்பது

முதலில் பிராசஸர் எண். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமானால், இன்டெல் மெஷினில் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை. இந்த ஒரு எண் வித்தியாசத்தில் மெஷினின் ஆயுட்கணக்கே மாறிவிடுகிறது. லெனோவா திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, ஹெச்.பி. எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் எட்டாம் தலைமுறையில் கம்பெனிகள் அதிகம் வாங்கிய மாடல்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இவற்றின் கீபோர்டு, பேட்டரி, விசிறி எல்லாம் தேடினால் கிடைக்கும். வீட்டு உபயோகத்துக்கென்று விற்ற மெல்லிய மாடல்களில் ரேம் போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டிருக்கலாம், உதிரி பாகமும் சீக்கிரம் மறைந்துவிடும். பார்க்கப் புதிதாக இருந்தாலும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது பூட்டு. பெரிய கம்பெனி லேப்டாப்புகள் ஆட்டோபைலட் என்ற முறையில் கம்பெனியின் கணக்கோடு பதிவாகியிருக்கும். ஹார்ட் டிஸ்க்கை முழுக்க அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றினாலும், முதல்முறை இன்டர்நெட்டில் இணைந்தவுடன் பழைய கம்பெனியின் மெயில் ஐ.டி.யைக் கேட்டுக்கொண்டு நின்றுவிடும். அந்தப் பதிவை அந்தக் கம்பெனியின் ஐ.டி. பிரிவுதான் நீக்க முடியும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. பயாஸ் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டும் இப்படித்தான். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருந்தால் உள்ளே இருக்கும் சிறிய பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் போகாது, மதர்போர்டையே மாற்றவேண்டி வரும். அதனால் மெஷின் வண்டி ஏறும் முன்பே இரண்டு வரியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இன்ன சீரியல் எண்கள் கம்பெனிப் பதிவிலிருந்து நீக்கப்பட்டன, பயாஸ் பாஸ்வேர்டு எடுக்கப்பட்டது.

தகவல் பாதுகாப்புக்காக ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. அது நியாயமான காரியம்தான், ஆனால் அதற்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி.யின் (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) செலவு உங்கள் தலையில் விழும். சார்ஜர் எண்ணிக்கையும் குறைந்து வரும். பேட்டரி எப்படி இருக்கிறது என்று தெரிய, விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் பக்கத்துப் பக்கத்தில் வரும். இன்றையது பாதிக்கும் கீழே என்றால் புது பேட்டரிக்குப் பணம் ஒதுக்குங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ, அடிப்பக்கம் மேஜையில் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மெஷினை பேட்டரியைக் கழற்றாமல் பிள்ளைகள் இருக்கும் அறையில் ஒரு நாள்கூட வைக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரே மாடலாக வாங்குவது. ஆறு மெஷினும் ஒரே மாடல் என்றால் ஒன்று செத்தாலும் அதன் கீபோர்டு, திரை, விசிறி, சார்ஜர் மற்ற ஐந்துக்கும் உதவும். ஆறும் ஆறு விதமென்றால் ஒன்றின் சார்ஜர்கூட இன்னொன்றுக்குப் பொருந்தாது. "எங்களிடம் டி480 இருக்கிறது, அதே மாடல் இருந்தால் கொடுங்கள்" என்று கொடையாளரிடம் கேட்பதில் தவறே இல்லை. பல கம்பெனிகள் ஒரே மாடலை மொத்தமாகத்தான் வாங்கியிருக்கும், எனவே கேட்டால் பெரும்பாலும் முடியும். வேண்டாததை வேண்டாம் என்று சொல்லவும் கற்றுக்கொள்ள வேண்டும். பழைய டப்பா மானிட்டரையும், கார்ட்ரிட்ஜ் கிடைக்காத பிரிண்டரையும் வாங்கிவைத்தால் நாளை அதை அப்புறப்படுத்தும் பொறுப்பு உங்களுடையது.

வருடச் செலவைக் கணக்குப் போடுங்கள்

ஒரு படிப்பு மையம் ஆறு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பை 20,000 ரூபாய் வீதம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்: 1,20,000. பிரிண்டர் 15,000. இன்வெர்ட்டரும் பேட்டரியும் 25,000. வயரிங், எர்த்துக்கு 15,000. மொத்தம் 1,75,000 ரூபாய். விலைகள் ஏறி இறங்கும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்; கணக்கின் முறை மாறாது.

கொடையாளரிடம் போகும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இந்த 1,75,000-த்தோடு நின்றுவிடுகின்றன. மேலே எழுத வேண்டியது வருடச் செலவு. லேப்டாப் நான்கு வருடம் உழைக்கும் என்றால் மாற்றுவதற்காக வருடம் 30,000 எடுத்து வைக்க வேண்டும். 14,000 ரூபாய் இன்வெர்ட்டர் பேட்டரி நான்கு வருடத்துக்கு வரும் என்றால் வருடத்துக்கு 3,500. பிரிண்டருக்கு ஐந்து வருடம் வைத்தால் 3,000. இந்த மூன்றும் மாற்று நிதி, மொத்தம் 36,500. இனி ஓட்டும் செலவு: ரிப்பேருக்கு லேப்டாப் விலையில் பத்தில் ஒரு பங்கு, 12,000. இன்டர்நெட் வரியோடு 8,500. டோனர் 4,000. இணையதளப் பெயர் புதுப்பிக்க 1,000. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டெக்னீஷியன் வருகை, தடவைக்கு 1,000 வீதம் 6,000. இது 31,500. இரண்டும் சேர்ந்து வருடம் 68,000, மாதம் ஏறக்குறைய 5,700 ரூபாய். லேப்டாப் முழுக்க இலவசமாக வந்தாலும் இந்த வருடச் செலவில் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்பதைக் கவனியுங்கள். மாதம் 5,700 புரட்ட வழியில்லை என்றால் ஆறு வேண்டாம், மூன்று போதும்.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத டிரஸ்ட்டுக்குப் புது லேப்டாப் மீதான 18 சதவீத வரி திரும்பி வராது, அது முழுச் செலவு. பட்ஜெட்டில் வரிக்கு முந்திய விலையை எழுதிவிட்டு, பில் வந்தபின் கையைப் பிசைவது அடிக்கடி நடக்கிறது.

சி.எஸ்.ஆர். பணத்தைப் பராமரிப்புக்குக் கேட்கலாம்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையும், பக்கத்தில் பெங்களூரும் இருப்பதால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொண்டு நிறுவனங்களுக்கு சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) கதவு மற்ற இடங்களைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் திட்டம் நடத்தித்தர விரும்பும் டிரஸ்ட்டுக்கு, 2021 ஏப்ரல் 1 முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவம் மூலம் பெற்ற பதிவு எண் இருக்க வேண்டும்.

இங்கே மூன்று விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, கம்பெனி தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு அதன் மதிப்பை சி.எஸ்.ஆர். செலவாகக் காட்ட முடியாது. பொருளாகக் கொடுப்பதைப் பணமாகக் கணக்கிட முடியாது என்று மத்திய அமைச்சகம் விளக்கம் கொடுத்திருக்கிறது. அதனால் இரண்டு கோரிக்கையாகப் பிரியுங்கள். லேப்டாப்புகளை ஐ.டி. பிரிவிடம் கேளுங்கள். எஸ்.எஸ்.டி., பேட்டரி, வயரிங், டெக்னீஷியன் சம்பளம் இவற்றை சி.எஸ்.ஆர். பிரிவிடம் கேளுங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு பிரிவுகள் ஒன்றையொன்று பார்க்காமலே இருக்கும், இணைத்துவைக்கும் வேலை உங்களுடையது.

இரண்டு, நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத உச்சவரம்பு என்று சொல்லிப் பராமரிப்புச் செலவை வெட்டுகிறார்கள். அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சொந்த சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கான வரம்பு. திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. டெக்னீஷியன் வருகையும் பேட்டரி மாற்றமும் திட்டச் செலவுதான். விண்ணப்பத்தில் "நிர்வாகம்" என்ற தலைப்பின் கீழ் இவற்றைப் போடாமல் "கற்றல் மையத்தை இயக்குதல்" என்ற தலைப்பில், கருவி வாரியாக எழுதுங்கள். உள்ளதைத்தான் எழுதுகிறீர்கள், அதை உரிய இடத்தில் எழுதுகிறீர்கள்.

மூன்று, தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று வருடம் வரை நீளும் தொடர் திட்டமாக எடுத்துக்கொள்ள விதியில் இடமிருக்கிறது. "ஒருமுறை கொடுத்துவிட்டோம்" என்று சொல்லும் கம்பெனியிடம் இதை எடுத்துக் காட்டலாம். ஆறு மெஷின் கொடுத்து ஒதுங்குவதைவிட மூன்று மெஷின் கொடுத்து மூன்று வருடம் பராமரித்தால், அறிக்கையில் மூன்று வருடமும் ஓடும் மையத்தைக் காட்ட முடியும். இந்த வாதம் சி.எஸ்.ஆர். அதிகாரிகளிடம் எடுபடும், ஏனென்றால் செத்த மெஷின்களின் படம் அவர்களுக்கும் சங்கடம்தான்.

சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கிய சொத்து கம்பெனி பெயரில் இருக்கக் கூடாது. பதிவு எண் உள்ள டிரஸ்ட், சொசைட்டி போன்ற அமைப்பின் பெயரிலோ, பயனாளிகளின் கூட்டமைப்பின் பெயரிலோ, அரசு அமைப்பின் பெயரிலோ இருக்கலாம். ஆகவே பில் உங்கள் பெயரில் வேண்டும், ஸ்டாக் ரிஜிஸ்டரில் சீரியல் எண்ணோடு ஏற வேண்டும். வெளிநாட்டு நிதியில் வாங்கியதைத் தனி ரிஜிஸ்டரில் வையுங்கள்; 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்ற முடியாது.

கரண்ட்தான் முதல் எதிரி

நம் பக்கத்தில் லேப்டாப்பைக் கொல்வது வைரஸைவிட வயரிங்தான். கிராமத்து லைனில் லோ வோல்டேஜ் சகஜம். லேப்டாப் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்தவை, அதனால் லோ வோல்டேஜ் அவற்றை ஒன்றும் செய்யாது. மலிவான டெஸ்க்டாப்பின் எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டி) அப்படித் தாங்காது, அடிக்கடி அணைந்து எரியும். டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்ற கேள்விக்குக் கிராமத்தில் என் பதில் லேப்டாப், முதல் காரணம் இது.

உண்மையான ஆபத்து மறுபக்கம். மூன்று ஃபேஸ் லைனில் காற்றிலோ மரக்கிளையாலோ நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் 350, சமயத்தில் 400 வரை ஏறிவிடும். அந்த நேரத்தில் மாட்டியிருக்கும் சார்ஜர், ரவுட்டர், டியூப்லைட் அத்தனையும் ஒரே நொடியில் போகும். ஸ்பைக் கார்டு இதைத் தடுக்காது. அதற்குள் இருப்பது கண நேர எழுச்சியை உறிஞ்சும் சிறு பாகம். வோல்டேஜ் தொடர்ந்து உயர்ந்தே இருந்தால் அதுவே கருகிவிடும். மெயின் போர்டில் எம்.சி.பி.க்குப் (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்) பக்கத்தில் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலே ஒன்று பொருத்தச் சொல்லுங்கள். மேல் வரம்பு 260-270, கீழ் வரம்பு 170 என்று வைத்தால் போதும். ஒரு லேப்டாப் சார்ஜரின் விலையை ஒட்டி வரும் இந்தச் சிறு பெட்டி முழு அறையையும் காக்கும்.

எர்த் பல கட்டடங்களில் பெயருக்குத்தான் இருக்கிறது. மூன்றாவது துளை இருக்கும், அதில் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரவழைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வருவதும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வருவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாது. லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் பிள்ளைகளுக்குக் கை சுரீர் என்கிறதா? எர்த் இல்லை என்பதற்கு அது அறிகுறி. தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கடியில் பாறை சீக்கிரம் வந்துவிடுகிறது, கோடையில் மண் காய்ந்து எர்த் பலவீனமாகிறது. குழியை ஆழமாக எடுக்க முடியாத இடத்தில் இரண்டு குழி எடுத்து இணைக்கலாம். மார்ச் முதல் ஜூன் வரை வாரம் ஒரு வாளி தண்ணீர் குழியில் ஊற்றுவதை ஒருவரின் வேலையாக எழுதிவைக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர்) பேட்டரி என்றால் காகிதத்தில் 1,800 வாட்-அவர். முழுதும் வற்றவிடக் கூடாது, மாற்றத்தில் இழப்பும் உண்டு, ஆக நமக்குக் கிடைப்பது 1,150 சொச்சம். ஆறு லேப்டாப் தலா 40 வாட், 240. இரண்டு சாதாரண ஃபேன் 150. நான்கு எல்.இ.டி. டியூப் 80. ரவுட்டர் 10. மொத்தம் 480 வாட். வகுத்தால் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஆனால் பேட்டரி மேல் அச்சிட்ட 150 என்பது இருபது மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு, இப்படி வேகமாக இழுத்தால் குறையும். ஒன்றரை மணி நேரம் என்று திட்டமிடுங்கள். சாதாரண ஃபேனுக்குப் பதிலாக 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால் இழுவை 390 வாட்டாகக் குறையும், பெரிய பேட்டரி வாங்காமலே கூடுதல் நேரம் கிடைக்கும். லேசர் பிரிண்டரை இன்வெர்ட்டர் லைனில் போடவே கூடாது. உள்ளே இருக்கும் சூடேற்றி அந்த நொடியில் பல நூறு வாட் இழுக்கும், இன்வெர்ட்டர் கதறி அணைந்துவிடும்.

இன்வெர்ட்டரின் டியூப்ளர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். இங்கே போர் தண்ணீரில் உப்பும் தாதுக்களும் அதிகம், குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரும் ஆகாது, கேன் தண்ணீரும் ஆகாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மிதவையைப் பார்த்து நிரப்புங்கள். கோடை மழையின்போது இடி தொடங்கியதும் பிளக்கைச் சுவிட்சில் அணைப்பதோடு நிற்காமல் கழற்றி வைக்க வேண்டும். ஃபைபர் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அதன் பெட்டிக்குப் போகும் அடாப்டரும், பெட்டியிலிருந்து வரும் லேன் வயரும் கடத்தும்.

தூசு இன்னொன்று. கல் குவாரி, மண் சாலை, தகரக் கூரை மூன்றும் சேர்ந்தால் லேப்டாப் விசிறி மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும். புளோயர் பிடிக்கும்போது விசிறியை ஒரு குச்சியால் சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேரிங் போகும். எலி லேன் வயரைக் கடிக்கும். டெஸ்க்டாப் வைத்திருந்தால் பின்பக்கத் திறந்த துளைகளை மூடுங்கள், பல்லி எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் போய் ஷார்ட் ஆவது இங்கே சாதாரணம்.

விண்டோஸா, லினக்ஸா

நான்காம், ஐந்தாம் தலைமுறை மெஷின்கள் ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். ரேமை 8 ஜி.பி. ஆக்கி, சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 அல்லது 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை, அதிலும் லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை ஏற்றினால் படிப்பு மைய வேலைக்கு இன்னும் சில வருடம் ஓடும். "லினக்ஸ் யாருக்குத் தெரியும்" என்ற பயம் தேவையில்லை. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்களில் பாஸ் (BOSS) என்ற வகை லினக்ஸும் இருந்தது. இன்று வேலைக்கு வரும் இளைஞர்களில் பலர் அதைப் பார்த்தவர்கள்.

லினக்ஸ் ஆகாத இடம் ஒன்று உண்டு. டேலி என்ற கணக்கு மென்பொருள், வரிக் கணக்குக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இவற்றுக்கு விண்டோஸ் வேண்டும். கணக்குக்கு ஒரு விண்டோஸ் 11 மெஷின், மற்றதெல்லாம் லினக்ஸ் என்று பிரித்துக்கொள்வதே நல்ல ஏற்பாடு. அந்தக் கணக்கு மெஷினில் திருட்டு விண்டோஸ் வேண்டவே வேண்டாம். அதைத் திறக்கப் பயன்படுத்தும் ஆக்டிவேட்டர், ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லித்தான் உள்ளே வருகிறது. பேங்க் பாஸ்வேர்டு அடிக்கும் மெஷினில் அதை விடலாமா?

மாறும் முன் தமிழ் ஃபைல்களைக் கவனியுங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த மனுக்களும் அறிக்கைகளும் அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் புரியாத குறிகளாகத் தெரியும். என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றி, பெயர்களையும் எண்களையும் ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிட்டு மாறுங்கள். தமிழ்99 கீபோர்டு லினக்ஸிலும் கிடைக்கிறது, அதன் ஐபஸ் என்ற தட்டச்சு அமைப்பில் சேர்த்தால் போதும்.

இலவச மென்பொருள் சலுகைகளைப் பயன்படுத்துங்கள், ஆனால் அவற்றின் எல்லையை அறிந்து. கூகுள், தகுதி பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு ஒர்க்ஸ்பேஸ் என்ற மெயில், ஃபைல் சேவையை இலவசமாகத் தருகிறது. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பேசிக் 300 பேர் வரை இலவசம். ஆனால் பேசிக்கில் வேர்டும் எக்ஸலும் பிரவுசரில்தான் திறக்கும். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ சிக்னல் இல்லாத நேரத்தில் அது உதவாது. மெஷினிலேயே ஏற்றிக்கொள்ளும் இலவச லிப்ரே ஆபீஸ் உதவும். இதே மைக்ரோசாஃப்ட் முன்பு கொடுத்துவந்த பத்து பிசினஸ் பிரீமியம் இலவச உரிமங்களை 2025-ல் நிறுத்திவிட்டது. இலவசம் நின்றால் எப்படி வெளியே வருவோம் என்று சேரும்போதே யோசியுங்கள். விண்ணப்பத்தில் சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில்: டிரஸ்ட் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், பான் கார்டில் இன்னொன்று, வருமான வரித் துறையின் 12ஏ சான்றிதழில் மூன்றாவது. முதலில் பான் கார்டைத் திருத்துங்கள், பிறகு விண்ணப்பியுங்கள்.

பாஸ்வேர்டு யார் கையில்

ஒரு நிறுவனம் மெஷினை இழந்தால் திரும்ப வாங்கலாம். மெயில் கணக்கை இழந்தால் பத்து வருடக் கடிதப் போக்குவரத்து போய்விடும். வழக்கமாக நடப்பது இதுதான்: ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தன் சொந்த மெயிலில் இணையதளப் பெயரை வாங்குகிறார், தன் போன் எண்ணை மீட்பு எண்ணாகக் கொடுக்கிறார், வேலை கிடைத்து பெங்களூரு போய்விடுகிறார். அடுத்த வருடம் புதுப்பிக்கும் நினைவூட்டல் அவர் பழைய மெயிலுக்குப் போகிறது, யாரும் பார்ப்பதில்லை, இணையதளம் மறைகிறது.

நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம் வாங்கி, சாதாரணப் பட்டன் போனில் போட்டு, அலுவலகத்திலேயே வையுங்கள். எல்லாக் கணக்குக்கும் மீட்பு எண் அதுதான். ரீசார்ஜ் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். விட்டுவிட்டால் எண் வேறொருவருக்குப் போகும். நிர்வாகி உரிமை எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் டிரஸ்டியாக இருக்கட்டும். இரண்டு கட்டச் சரிபார்ப்பின் (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) பேக்கப் கோடுகளை அச்சடித்து, உறையில் ஒட்டி, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். ஊழியர் விலகும் நாளில் சாவியைத் திரும்ப வாங்குவதோடு பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள்.

பேக்கப் மூன்று நகல்: மெஷினில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு கட்டடத்திலோ கிளவுடிலோ ஒன்று. ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் மாட்டியே வைக்காதீர்கள், மெஷினைத் தாக்கும் எதுவும் அதையும் சேர்த்துத் தாக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு டேலி ஃபோல்டரை வேறு மெஷினில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. பிள்ளைகளின் ஆதார் நகல், மருத்துவக் குறிப்பு, புகைப்படம் இருக்கும் டிஸ்க்கை, பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்யுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

மலைக் கிராமங்களில் கணக்கெடுக்க கோபோ கலெக்ட் போன்ற செயலி நன்றாக உதவுகிறது. சிக்னல் இல்லாமலே படிவத்தை நிரப்பி, ஊருக்கு வந்தபின் அனுப்பலாம். கீழே இறங்கியதும் அனுப்பாமல் போனை ரீசெட் செய்வதும், இடம் போதவில்லை என்று செயலியை நீக்குவதும் ஒரு வாரத்து உழைப்பை அழிக்கும். ஊர்ப் பெயர்களைக் கையால் அடிக்கவிடாமல் பட்டியலாகக் கொடுங்கள். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஊர்களில் ஒரே பெயரை நான்கு பேர் நான்கு விதமாக எழுதிவிடுவார்கள்.

ஆள் எங்கே கிடைப்பார்

ஒரு சிறிய டிரஸ்ட்டால் தனியாக டெக்னீஷியன் வைத்துக்கொள்ள முடியாது. ஐந்தாறு டிரஸ்ட்டுகள் சேர்ந்தால் முடியும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் ஆறு நிறுவனம் சேர்ந்து ஒருவரை மாதம் ஆறு நாள் அமர்த்தினால், ஆளுக்கு ஒரு நாள் நிச்சயம். பழுதானபின் கூப்பிட்டு வருவதற்கும், பழுதோ இல்லையோ குறித்த நாளில் வருவதற்கும் பெரிய வித்தியாசம்: குறித்த நாளில் வருபவர் பேட்டரி உப்புவதையும் டிஸ்க் மோசமாவதையும் முன்கூட்டியே பார்த்துவிடுவார். ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) எழுதும்போது கவனியுங்கள். பாகம் சேராத ஏ.எம்.சி.யில் வருகைக் கூலி மட்டும்தான் அடங்கும். எல்லாம் அடங்கியது என்று சொல்லும் ஏ.எம்.சி.யிலும் பேட்டரி, சார்ஜர், டோனரை விலக்கியிருக்கலாம். லேப்டாப்பில் அதிகம் போவது பேட்டரியும் சார்ஜரும்தானே. ஆறு பழைய லேப்டாப்புக்கு ஏ.எம்.சி.யைவிட வருகைக்கு இவ்வளவு என்ற ஏற்பாடே லாபம்.

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, தருமபுரி அரசு பொறியியல் கல்லூரி, கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக், அங்கங்கே ஐ.டி.ஐ.க்கள் என்று மாணவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் திட்டவட்டமான வேலை கொடுங்கள்: பன்னிரண்டு மெஷினைத் திறந்து தூசு எடுத்து, பிராசஸர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மாற்றி, லினக்ஸ் ஏற்றி, சீரியல் எண்ணோடு பட்டியல் கொடுப்பது இரண்டு நாள் முகாமில் முடியும். பாஸ்வேர்டுப் பொறுப்பையும் பேக்கப் பொறுப்பையும் மாணவர்களிடம் விட வேண்டாம். படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள்.

கூட்டாகச் சேர்ந்த நிறுவனங்கள் ஒரு பொதுப் பெட்டி வைத்துக்கொள்ளலாம். அதில் இருக்க வேண்டியவை: 65 வாட் சார்ஜர் மூன்று, எஸ்.எஸ்.டி. இரண்டு, ரேம் நான்கு, உங்கள் மாடலுக்கான கீபோர்டு ஒன்று, சி.ஆர்.2032 பட்டன் செல் ஒரு அட்டை, தெர்மல் பேஸ்ட், கழற்றிய டிஸ்க்கை யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் சாட்டா கேபிள், சிறிய ஸ்க்ரூ டிரைவர் செட், மல்டிமீட்டர், லினக்ஸும் விண்டோஸும் ஏற்றிய பென் டிரைவ் இரண்டு. தேதி நேரம் மாறிப்போய் இணையதளங்கள் திறக்காத மெஷினை "போர்டு போச்சு" என்று ஒதுக்கிவைப்பார்கள். பல நேரம் அந்தப் பட்டன் செல் மாற்றினாலே சரியாகிவிடும். சார்ஜர் துளை உடைவதுதான் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பெரிய செலவு. யூ.எஸ்.பி.-சி துளை மதர்போர்டோடு சேர்ந்தே இருக்கும் மாடல்களில் அதை மாற்ற நுணுக்கமான சால்டர் வேலை தெரிந்த ஆள் வேண்டும். வயரை மேஜைக் காலோடு கட்டி, கால் தடுக்காத பக்கமாகக் கொண்டுபோங்கள்.

பிரிண்டருக்கு ஒரே அறிவுரை. தினமும் அச்சடிக்காத அலுவலகம் இங்க் டேங்க் வாங்க வேண்டாம், கோடையில் ஹெட் காய்ந்துவிடும். 12ஏ, 88ஏ போல எல்லா ஊரிலும் ரீஃபில் செய்யும் டோனர் போடும் கருப்பு-வெள்ளை லேசர் போதும். ஆறு மாதம் தூங்கினாலும் எழுந்து அச்சடிக்கும்.

உயிர்விட்ட மெஷினைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். கூட்டமைப்பாகச் சேர்த்து வைத்தால் அவர்களே வண்டி அனுப்ப வாய்ப்பிருக்கிறது. கொடுக்கும் முன் உபயோகமான ரேம், கீபோர்டு, விசிறி, திரையைக் கழற்றிப் பொதுப் பெட்டியில் போடுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் துளை போடுங்கள். எஸ்.எஸ்.டி.யைச் செக்யூர் எரேஸ் செய்யுங்கள், வேலை செய்யாத எஸ்.எஸ்.டி. என்றால் உள்ளே இருக்கும் சிப்புகளை உடையுங்கள். டிரஸ்டிகள் கூட்டத்தில் சீரியல் எண்ணோடு தீர்மானம் போட்டு, ஸ்டாக் ரிஜிஸ்டரில் சிவப்பு மையால் அடித்து, மறுசுழற்சியாளர் கொடுத்த ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். ஆடிட்டர் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.